சார்பும் விடுதலையும்: தொண்டைமானாற்றங்கரை தரும் வரலாற்றுச் சான்றுகள்

மனிதன் சிந்திக்கும் இயல்புடையவன் என்பது பெருமையோடு சொல்லப்படும் உண்மை. அவன் சிந்திப்பவற்றுட் பெரும்பகுதி அவனுக்கு முன்னரே பிறராற் சிந்திக்கப்பட்டு, அவன் அறியாமலே அவனிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது அத்துணைப் பெருமை தராத உண்மை. பிறந்த வீடு, பேசும் மொழி, வணங்கும் தெய்வம், உண்ணும் முறை, உடனிருந்து உண்ணத் தகாதவர் யார் என்ற எண்ணம் ஆகிய யாவும் அறிவு முதிருமுன்பே மனத்திற் பதிந்துவிடுகின்றன. பதிந்தவற்றைப் பின்னர் அறிவு ஆராய முற்படும்போது, ஆராயும் அவ்வறிவே அப்பதிவுகளால் உருவாக்கப்பட்டதாக இருக்கிறது. இந்நிலையில் மனிதன் தன் எண்ணத்தினின்றும் பழக்கத்தின் பிணிப்பினின்றும் விடுபடுதல் கூடுமா என்ற வினா எழுகின்றது.

இவ்வினா புதியதன்று. உயிர் தான் எதனைச் சார்கின்றதோ அதன் இயல்பாகவே நிற்கும் என்பது சைவசித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. சார்ந்ததன் வண்ணமாதல் என்று அதனைக் கூறுவர். அக்கொள்கையின்படி உயிர் சார்பின்றி நிற்பதில்லை. பாசத்தைச் சார்ந்து நின்ற உயிர் பதியைச் சார்ந்து நிற்பதே விடுதலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லவ் நாய்களை வைத்து நிகழ்த்திய சோதனைகள் இதே சிக்கலை வேறு திசையிலிருந்து அணுகின. மணியோசையைத் தொடர்ந்து உணவு பெற்றுப் பழகிய நாய்க்கு, பின்னர் மணியோசை மட்டும் கேட்டாலே உமிழ்நீர் சுரந்தது. உணவின்றி மணியை மட்டும் பலமுறை ஒலித்தால் அப்பழக்கம் படிப்படியாக மறைந்தது. ஆயினும், சிலகாலம் விட்டு மீண்டும் மணியை ஒலித்தபோது, மறைந்த பழக்கம் ஓரளவு தலைகாட்டிற்று. மறைந்தது அழிந்ததன்று என்பது அச்சோதனைகள் கற்பித்த பாடங்களுள் முக்கியமானது.

தத்துவமும் உளவியலும் கூறும் இவற்றை ஒரு குறிப்பிட்ட சமுதாயத்தின் வரலாற்றில் வைத்து நோக்குதல் பயனுடையது. அதற்கு ஏற்ற களங்களுள் ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த தொண்டைமானாறு.

தொண்டைமானாறும் அதன் சூழலும்

வடமராட்சியின் நீரேரி வடக்கே கடலோடு கலக்கும் இடத்தில், வல்வெட்டித்துறைக்கு மேற்கே அமைந்துள்ளது தொண்டைமானாறு. முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனும் கலிங்கத்துப்பரணியிற் போற்றப்படுபவனுமாகிய கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டு இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது இடப்பெயர் குறித்து வழங்கும் மரபு. இன்றைய உயர்தர வகுப்பு மாணவர்க்கு இவ்வூர்ப் பெயர் பெரும்பாலும் வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்கள் வாயிலாகவே அறிமுகமாகின்றது. அவர்தம் பாட்டன்மார்க்கோ அது ஆற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் பெயரோடு சேர்ந்தே நினைவில் நின்றது. சின்னக் கதிர்காமம் என்றும், அன்னதானக் கந்தன் ஆலயம் என்றும் மக்கள் அதனைப் போற்றுவர்.

இக்கோயிலின் வழிபாட்டு முறை, இதனருகே வாழ்ந்த துறவியரின் வரலாறு, இதனைச் சூழ்ந்த சமுதாயத்தின் நடைமுறை என்னும் மூன்றும் மேலே எழுப்பிய வினாவுக்கு மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. அவற்றைத் தனித்தனியே ஆராயுமுன், குடாநாட்டு மக்களின் மனத்தைப் பிணித்த வரலாற்றுச் சூழலைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும்.

வற்புறுத்தலும் வழக்கமும்

யாழ்ப்பாண இராச்சியம் 1619இற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். முதலிருவர் ஆட்சியிற் கோயில்கள் இடிக்கப்பட்டன. சைவ வழிபாடு தடைசெய்யப்பட்டது. ஞானஸ்நானம் பெற்றுத் திருச்சபையின் பதிவேட்டிற் பெயர் இடம்பெற்றாலன்றிச் சமூக வாழ்வில் உரிமைகளைப் பெறுதல் அரிதாயிற்று. விரத நாளில் மரக்கறி உணவு உண்ட வாழையிலையை வெளியே எறிந்தாற் காட்டிக்கொடுக்கப்படலாம் என்றஞ்சி, அதனை வீட்டுக் கூரையிற் செருகி மறைத்தனர் என்னும் செய்தி யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. பல தலைமுறைகள் இவ்வாறு கழிந்தன.

ஆயினும், வற்புறுத்தல் தளர்ந்ததும் மக்களிற் பெரும்பாலோர் வெளிப்படையாகவே சைவத்துக்குத் திரும்பினர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒல்லாந்தர் ஆட்சி முடியுமுன்னரே, வண்ணார்பண்ணையிற் சிவன் கோயில் எழுந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வற்புறுத்தல் பெரும்பாலோர் உள்ளத்தில் ஆழமாக வேரூன்றவில்லை என்பதற்கு இது சான்று. அது புறத்திலிருந்து வந்த கட்டளை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்திருந்தமையால் அதனினின்றும் விலகி நிற்க ஓர் இடம் அவர்தம் மனத்தில் இருந்தது.

அதே ஒல்லாந்தர் ஆட்சியின்போது மற்றொரு செயலும் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்து மரபு வழக்கங்களைத் திரட்டும் பணி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட, அது 1707இல் தேசவழமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. சீதனம், முதுசம், தேடியதேட்டம் முதலியவற்றோடு அடிமை குடிமை உறவுகளும் அதில் இடம்பெற்றன. இதுவரை வாய்வழக்காக, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப நெகிழக்கூடியதாக இருந்தவை எழுத்திலே இறுகின. அடிமைமுறை 1844இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், அதனைத் தாங்கி நின்ற எண்ணம் ஒழியவில்லை. கிணற்றடியிலும், கோயில் வாயிலிலும், பாடசாலை வாங்கிலும், தேநீர்க் கடையிலும் அது நூறாண்டுகளுக்கு மேலாக நிலைத்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை புலனாகின்றது. அந்நியர் வற்புறுத்தியதை மக்கள் பிணிப்பென உணர்ந்தனர்; ஆகவே சந்தர்ப்பம் வாய்த்ததும் உதறினர். தம்முடையது என்று கருதியதைப் பிணிப்பென்றே உணரவில்லை. ஆகவே அதனை உதற வேண்டும் என்ற எண்ணமே பலர்க்குத் தோன்றவில்லை. மனிதனை மிக வலிமையாகக் கட்டுவது கட்டென்று தோன்றாத கட்டாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருஞ் சீர்திருத்தக்காரரான ஆறுமுக நாவலரின் பணியும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 1822இற் பிறந்த அவர், பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றிப் பின்னர் அத்தொடர்பை விடுத்து, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனரிமாரின் மதத்தை மறுத்த நாவலர் அவர்தம் கருவிகளை மறுக்கவில்லை. அச்சுக்கூடம், வினாவிடை நூல், பிரசங்கம், பாடசாலை ஆகிய அனைத்தையும் சைவத்தின் பணிக்கு ஆக்கினார். ஆகமம் விதித்த நெறிக்கு மாறானவற்றைக் கோயில்களினின்றும் களைய முற்பட்டார். ஒரு பிணிப்பை அறிந்து உதறிய அவரும் அவர் வழிவந்தோரும் சாதியாசாரம் என்ற மற்றொன்றை ஏற்றே நின்றனர். இது ஒரு தனிமனிதரின் குறையன்று. தான் நிற்கும் நிலத்தை எந்தத் தலைமுறையும் எளிதிற் காண்பதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

வாய்கட்டிய பூசை

நாவலர் வற்புறுத்திய ஆகம நெறியோடு ஒப்பிடுகையிற் செல்வச்சந்நிதியின் வழிபாடு முற்றிலும் வேறானது. இங்கே பிராமண அர்ச்சகர் இல்லை. வடமொழி மந்திரம் இல்லை. ஆற்றிலே மீன்பிடித்து வாழ்ந்த மருதர் கதிர்காமர் என்பவருக்கு முருகன் காட்சியளித்து, கதிர்காமத்துப் பூசை முறையை அறிவித்து வேல் ஒன்றையும் அளித்தான் என்பது தலவரலாறு. அவர் வழிவந்தோரே இன்றும் பூசகராக உள்ளனர். பூசகர் வாயை வெண்துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். அறுபத்தைந்து ஆலமிலைகளில் அமுது படைக்கப்படும். கதிர்காமத்திற் கப்புறாளைமார் திரைக்குப் பின்னே நிகழ்த்தும் பூசையோடு இதற்குள்ள ஒற்றுமை வெளிப்படை. இக்கோயிலிலிருந்து அடியார் கிழக்குக் கரை வழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் வழக்கமும் இவ்வுறவை உறுதிப்படுத்துகின்றது.

சமுதாய வரலாற்று நோக்கில் இதன் சிறப்பு யாது? சொல்லும் நூலும் மொழியும் கற்றாரின் உடைமைகளாக இருந்த காலத்தில், அவை எவையுமின்றித் தெய்வத்தின் முன் நிற்கலாம் என்பதை ஓர் எளிய தொழிலாளரின் பெயரோடு இணைந்த இவ்வழிபாடு காட்டிற்று. மந்திரம் அறிந்தவன், அறியாதவன் என்ற வேறுபாடு மௌனத்தின் முன் பொருளிழக்கிறது. சொல்லே எண்ணத்தின் உடல் என்பதால், சொல்லை நிறுத்துதல் எண்ணத்தை நிறுத்துதற்கு முதற்படி என்ற ஆழ்ந்த கருத்தும் இதனுள் அடங்கியுள்ளது. அருணகிரிநாதர் முதல் தாயுமானவர் வரை தமிழ் ஞானியர் சும்மா இருத்தல் என்று போற்றிய நிலை இங்கே ஒரு கிரியையாக வடிவு பெற்றது எனலாம்.

ஆயின், கிரியையாக வடிவு பெற்றதனோடு இன்னொன்றும் நிகழ்கின்றது. தந்தை செய்ததை மகன் செய்கிறான், மௌனம் விதியாகின்றது, பூசை செய்யும் உரிமை ஒரு வழிமரபின் உரிமையாகின்றது, இலைகளின் எண்ணிக்கை மாறாதிருக்கின்றது. மந்திரத்தைத் தவிர்த்த வழிபாடு மந்திரத்தைப் போலவே நுணுக்கமான ஒழுங்கு ஒன்றினைத் தனக்கென அமைத்துக்கொள்கின்றது. இதனைக் குறையாகக் கூறுதல் பொருந்தாது. அவ்வொழுங்கு இல்லையேல் அந்த அனுபவத்தின் நினைவே போர்களையும் இடப்பெயர்வுகளையும் கடந்து நம் காலம்வரை வந்திராது. எனினும், ஒருவர் பெற்ற விடுதலையை அடுத்த தலைமுறைக்கு அப்படியே கையளிக்க இயலாது என்பதும், கையளிக்கப்படுவது அதன் வடிவமே என்பதும் இதனாற் தெளிவாகின்றன.

நல்லூர்த் தேரடியும் ஆற்றங்கரையும்

வடிவத்தையும் உடைத்தெறிய முயன்ற ஒரு மரபு யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் வாழ்ந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் பித்தர் என்றனர். எதையும் நாம் அறிந்தவரல்லர் என்பதும், ஆக வேண்டியது முன்னரே ஆகிவிட்டது என்பதும் அவர் அடிக்கடி கூறிய மொழிகளின் சாரம். சோறு சமைத்து முடித்து உண்ணும் வேளையிற் பானையை உடைத்துவிட்டுப் போய்விடுவார் என அடியார் கூறுவர். பசியும் எதிர்பார்ப்பும் சேர்ந்து அமைக்கும் பழக்கச் சங்கிலியை, அது நிறைவேறும் கணத்திலேயே அறுக்கும் செயலாக இதனைக் கொள்ளலாம். உணவையும் மணியோசையையும் பிணைத்துக் காட்டிய பாவ்லவின் காலத்தில், அவ்வாராய்ச்சியை அறியாத ஒருவர் நல்லூரில் அப்பிணைப்பை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய மாணவர் யோகர் சுவாமிகள் 1872இல் மாவிட்டபுரத்திற் பிறந்தவர். கிறிஸ்தவப் பாடசாலையிற் கற்று, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியக் காப்பாளராகக் கிளிநொச்சியிற் பணியாற்றியவர். செல்லப்பரைச் சந்தித்த பின் உத்தியோகத்தைத் துறந்து, கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில் 1964வரை வாழ்ந்தார். சைவரும் கிறிஸ்தவரும் பௌத்தரும், கற்றோரும் கல்லாதோரும் அவரை நாடி வந்தனர். வந்தோர் எதிர்பார்த்த விடையைக் கொடாமல், சிலவேளை ஏசியும், சிலவேளை வாளாவிருந்தும் அவர்தம் எண்ண ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தும் முறை அவருடையது. இருந்தும் 1935இற் சிவதொண்டன் இதழும், 1953இல் வண்ணார்பண்ணையிற் சிவதொண்டன் நிலையமும் அவர் காலத்திலேயே தோன்றின. நிறுவனத்தை வேண்டாதவரைச் சுற்றியும் நிறுவனம் வளர்ந்தது.

யோகரின் மாணவருள் ஒருவர் தொண்டைமானாற்றோடு நேரடித் தொடர்புடையவர். ஜேர்மன் சுவாமி என அறியப்பட்ட கௌரிபாலா சுவாமிகள் ஜேர்மனியிற் பிறந்து, இலங்கைக்கு வந்து பௌத்தத் துறவியாகி, பின்னர் அத்துறவையும் விடுத்துக் கிரி மரபிற் சந்நியாசம் பெற்றவர். யோகரைக் குருவாகக் கொண்டு, செல்வச்சந்நிதிக்கு அருகே ஆச்சிரமம் அமைத்து வாழ்ந்து, 1984இல் மறைந்தார். நாடு, மொழி, மதம், துறவுக்கோலம் என ஒன்றன்பின் ஒன்றாகக் களைந்து வந்த வாழ்க்கை அவருடையது. சித்தாந்தி இவரை நோக்கின், ஒரு சார்பை விட்டு மறு சார்பைப் பற்றியவர் என்பார். சார்புகள் மாறிக்கொண்டே வந்தமையால் எதனையும் இறுதியெனக் கொள்ளாதவர் என்று மற்றொருவர் கூறலாம். இரண்டு கூற்றுக்கும் இடமுண்டு. ஒரு மனிதன் தன் பிறப்பு விதித்த வட்டத்துக்கு வெளியே வெகுதூரம் செல்லக்கூடும் என்பதை மட்டும் எவரும் மறுத்தல் இயலாது.

இதே வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பியவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1895இல் மதனப்பள்ளியிற் பிறந்து, அடையாற்றில் பிரம்மஞான சபையினரால் உலக குருவாக வளர்க்கப்பட்ட அவர், 1929 ஓகஸ்ட் 3ஆம் நாள் ஒல்லாந்தின் ஓமன் நகரிலே தமக்கென அமைக்கப்பட்ட விண்மீன் சங்கத்தைத் தாமே கலைத்தார். உண்மையை அடைய எந்த அமைப்பும் வழியாகாது என்பது அவர் கூறிய காரணம். 1949-50, 1957, 1980 ஆகிய காலங்களிற் கொழும்பில் அவர் உரையாற்றினார். எண்ணம் நினைவினின்றும் பிறப்பது, நினைவு பழையது, ஆகவே எண்ணத்தாற் புதியதைக் காண இயலாது, எண்ணத்தின் இயக்கத்தை விருப்பு வெறுப்பின்றி நோக்குதலே விடுதலை என்பது அவருடைய கருத்தின் சுருக்கம். குருவையே மறுத்த அவர் பெயராலும் அறக்கட்டளைகளும் பள்ளிகளும் உள்ளன. சந்நிதியிலும் கொழும்புத்துறையிலும் கண்ட அதே நிகழ்வை ஓமனுக்குப் பின்னரும் காண்கின்றோம்.

மாவிட்டபுரத்து வாயில்

இதுவரை கூறியவை தனிமனிதரின் அகவிடுதலை பற்றியவை. அவ்விடுதலை அவர்களைச் சூழ்ந்த சமுதாயத்தின் பிணிப்பைத் தளர்த்தியதா என்பதே வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய வினா. ஞானியரைப் போற்றுதலோடு அமைபவர் பலர் இதனைக் கேட்பதில்லை.

யோகர் சுவாமிகள் மறைந்து நான்கு ஆண்டுகளே கழிந்தன. அவர் பிறந்த அதே மாவிட்டபுரத்தில், 1968இல், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் கந்தசுவாமி கோயிலினுள் நுழைந்து வழிபட முற்பட்டபோது வாயில் அடைக்கப்பட்டது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1957இல், சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. எதிர்த்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்பேர்டிற் பயின்றவர்; இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக இருந்தவர்; சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்று, இந்தியத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையிற் பிரதமரோடு முரண்பட்டு 1948 இறுதியிற் பதவியை விட்டவர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்மேற் தொடரப்பட்ட வழக்கு பிரிவி கவுன்சில்வரை சென்றது.

பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் இங்கே சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். கணிதத்தில் எடுகோளை ஐயுறப் பழகிய அறிவு, சமுதாயத்தின் எடுகோளை ஐயுறவில்லை. நாடற்றோராக்கப்படும் மக்களுக்காகப் பதவியையும் இழக்கத் துணிந்த நெஞ்சம், மாவிட்டபுரக் கோயில் வாயிலில் நின்ற மக்களை ஏற்கத் துணியவில்லை. கல்வி மனிதனைப் பிணிப்பினின்றும் விடுவிக்கும் என்ற நம்பிக்கைக்கு இதனைவிடக் கடுமையான சோதனை வேறில்லை.

பிணிப்பு தளர்ந்தது வேறு வழியால். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி, ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியால் வளர்ந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபோசனத்தையும் பாடசாலைகளிற் சமாசனத்தையும் வற்புறுத்திற்று. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தாக்கியும் ஊர்வலத்தினர் கலையவில்லை. அதன்பின் தேநீர்க் கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. அடைத்து நின்றவர்கள் தியானத்தால் மனம் மாறித் திறக்கவில்லை. வெளியே நின்றவர்கள், தாம் வெளியே நிற்கவேண்டியவர்கள் என்று தமக்குக் கற்பிக்கப்பட்ட எண்ணத்தை முதலில் உதறினர். அதன் பயனாகவே வாயில் திறந்தது. சிந்தனையின் பிணிப்பினின்றும் கூட்டாக விடுபட்டமைக்கு யாழ்ப்பாண வரலாறு தரும் தெளிவான சான்று இதுவே.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பிணிப்பைப் பிணிப்பென அறிந்தவிடத்து மனிதன் அதனினின்றும் விடுபடக் கூடும். அவ்வாறு அறிதற்குச் சிலர் மௌனத்தை வழியாகக் கொண்டனர்; சிலர் குருவின் ஏச்சைப் பெற்றனர்; சிலர்க்குத் தாம் அனுபவித்த அவமானமே கண்ணைத் திறந்தது. ஆயினும், விடுபட்டவிடத்தே புதிய வழக்கம் ஒன்று உருவாகின்றது. ஒருவரின் அகவிடுதலை அவரைச் சூழ்ந்த சமுதாயத்தைத் தானாகவே விடுவிப்பதில்லை. அவ்வாறே சட்டத்தாலும் போராட்டத்தாலும் திறந்த வாயில் உள்ளத்தையும் திறந்துவிடும் என்ற உறுதியும் இல்லை. கோயில் வாயிலில் மறைந்த சாதியுணர்வு திருமணப் பேச்சிலும், கடல் கடந்து குடியேறியோரின் இல்லங்களிலும் மீண்டும் தலைகாட்டுவதை யாவரும் அறிவர். மறைந்தது அழிந்ததன்று என்ற பாவ்லவின் பாடம் இங்கும் பொருந்துகின்றது.

ஆகவே விடுதலை என்பது ஒருமுறை அடைந்து நிலைபெறும் நிலை என்பதைவிட, ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தின் பிணிப்பை இனங்கண்டு மீண்டும் தொடங்க வேண்டிய செயல் என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும். அதன் அளவுகோலும் எளியது. ஒருவன் தன் எண்ணத்தினின்றும் விடுபட்டான் என்பதை அவன் கூற்றாலோ கோலத்தாலோ அளத்தல் இயலாது. முன்னர் விலக்கி வைத்த மனிதனை அவன் பின்னர் எவ்வாறு எதிர்கொள்கின்றான் என்பதாலேயே அளத்தல் கூடும். அன்னதானத்துக்குப் பேர்போன கோயில் ஒன்று ஆற்றங்கரையில் நிற்கின்றது. அங்கே பந்தியில் அமரும்போது, பக்கத்தில் இருப்பவர் யார் என்ற வினா எவர் மனத்திலும் எழாத நாளே அவ்வளவுகோலின்படி தொண்டைமானாறு விடுதலை பெற்ற நாளாகும்.